முட்டிக்குக் கீழே

முதல் நான்கு மாதங்களில் அக்காளின் முயல்கள் செத்துப்போயின, இல்லாவிட்டால் முழுசாகக் குணமாகிவிட்டன. இரண்டுமே அவளுக்கு உதவவில்லை.

அவள் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் கூடத்தில் விஞ்ஞானி. வயது நாற்பத்தாறு. எலும்புக்குள் புகுந்துகொண்டு வெளியே வர மறுக்கும் கிருமிகளோடுதான் பதினாறு வருடமாக அவளுக்குக் குடித்தனம். புது மருந்து ஒன்றை மனிதருக்குக் கொடுக்கும் முன் ஒரு விலங்குக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்படியானால் முதலில் அந்த விலங்குக்கு அதே நோய் வர வேண்டும். மனிதருக்கு வருகிற மாதிரியே, அதே இடத்தில், அதே நிதானத்தில், அதே பிடிவாதத்தோடு. அந்த நோயை ஒரு முயலின் காலில் வரவழைப்பதுதான் அவள் வேலை. வெளியாட்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் முகம் ஒரு மாதிரி ஆவதைப் பார்த்து, வெறுமனே "மருந்து ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டுப் போகப் பழகியிருந்தாள்.

மயக்க மருந்து கொடுத்து, பின்னங்காலெலும்பில் முட்டிக்குக் கீழே ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை போட்டு, கிருமி கலந்த திரவத்தை இரண்டு சொட்டு விட்டு, மெழுகால் அடைப்பார்கள். கிருமி கொஞ்சம் கூடினால் அது ரத்தத்தில் இறங்கிவிடும். மூன்றாம் நாள் முயல் முதுகைக் கூனிக்கொண்டு கூண்டின் மூலையில் உட்கார்ந்துவிடும். காது சில்லிட்டுக் கிடக்கும், தீனியை முகர்ந்துகூடப் பார்க்காது. அதை மேலும் வதைக்காமல் முடித்துவிட வேண்டும். அது விதி. கிருமி கொஞ்சம் குறைந்தாலோ, இரண்டு வாரத்தில் முயல் எல்லாவற்றையும் துடைத்தெறிந்துவிட்டுக் குதிக்கும். நடுவில் ஓர் அளவு இருந்தாக வேண்டும். அது கைக்குச் சிக்கவில்லை.

விலங்குக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவரை எல்லாரும் கூண்டுக்காரர் என்பார்கள். தினமும் காலையில் முயல்களை எடை போடுவது அவர்தான். கெட்ட செய்தி இருந்தால் ஆராய்ச்சிக் கூடத்துக் கதவருகே வந்து தொண்டையைக் கனைப்பார்.

"மேடம், மூணாம் நம்பர் சாப்பிடல."

அந்த நான்கு மாதத்தில் அவர் பதினோரு முறை கனைத்தார்.

*

அக்காளுக்கு ஒரே தம்பி. அவளுக்கு ஏழு வயது இளையவன். தரைக்கு ஓடு பதிக்கும் வேலை. ஏழு வருடத்துக்கு முன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, வலது காலின் கீழெலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, ஒரு முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. உள்ளே கம்பி வைத்தார்கள். கம்பியோடு கிருமியும் உள்ளே போய்விட்டது. அதன் பிறகு நான்கு அறுவை. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு துளை மட்டும் மூடவே இல்லை. காலையில் பஞ்சை மடித்து வைத்துக் கட்டி, மேலே பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போவான். ஓடு பதிப்பவனுக்கு நாள் முழுக்க மண்டி போட்ட வாழ்க்கை. அந்தக் காலோடு மண்டி போட்டு, நீர்மட்டம் பார்த்து, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் நூல் பிசகாமல் பதிப்பான்.

வலியைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. வருவதெல்லாம் கேலிதான்.

"என் கால் நம்ம பழைய வீட்டுக் குழாய் மாதிரிக்கா. மூடினாலும் சொட்டும்."

வாரத்துக்கு மூன்று தடவையாவது போன் செய்வான். முதல் கேள்வி முயல்களைப் பற்றித்தான் இருக்கும்.

"என் பங்காளிங்க எப்படி இருக்காங்க?"

"ரெண்டு செத்துப்போச்சுடா."

"அப்ப நான் தேவலாம்."

உண்மையில் அவன் விழுவதற்கு ஒன்பது வருடம் முன்பே அக்காள் இந்த வேலையில் இருந்தாள். அவனுக்காக ஆரம்பித்ததல்ல. ஆனால் சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் அவன், "எங்கக்கா எனக்காகத்தான் ராப்பகலா ஆராய்ச்சி பண்றா" என்று மார்தட்டிக்கொள்வான். அவள் மறுக்காமல் சிரித்துவைப்பாள். கேட்கச் சுகமாகத்தானே இருந்தது.

*

ஐந்தாம் மாதம் அவளுக்கு ஒன்று உறைத்தது. தம்பியின் காலுக்குள் கிருமி சொட்டுச் சொட்டாக யாரும் ஊற்றிப் போகவில்லை. கம்பியில் ஒட்டிக்கொண்டு, தன்மேல் ஒரு பசையைப் போர்த்திக்கொண்டு, மருந்து வரும்போது உள்ளே சுருண்டு படுத்து, மருந்து போனதும் தலைநீட்டி, அப்படித்தான் ஏழு வருடம் ஓட்டுகிறது. அதையே முயலுக்கும் செய்து பார்த்தால் என்ன?

குண்டூசியை வெட்டியது போன்ற சின்னஞ்சிறு எஃகுக் கம்பிகளை இரண்டு நாள் கிருமிக் கரைசலில் ஊறவைத்தாள். ஒட்டாத கிருமிகளை மூன்று முறை கழுவி எடுத்தாள். ஒட்டியவற்றோடு கம்பியை மட்டும் எலும்புக்குள் வைத்தாள். எட்டு முயல்கள். முதல் வாரம் லேசான காய்ச்சல். அதற்கப்புறம் எல்லாம் சாப்பிட்டன, எடை கூடின.

"ஒண்ணும் ஆகல மேடம். தீனிதான் பத்தல" என்றார் கூண்டுக்காரர்.

மறுபடியும் குணமாகிவிட்டது போலிருக்கிறது என்று அவளுக்கு மனம் விட்டுப்போயிற்று. நான்காம் வாரக் கடைசியில் சம்பிரதாயத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். திரையில் படம் வந்தபோது அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கம்பியைச் சுற்றி எலும்பு அரித்துக் கறுத்திருந்தது. அந்தக் கறுப்புக்குள்ளே செத்த எலும்புத் துண்டு ஒன்று வெள்ளையாகத் தனியே கிடந்தது. வெளிப்பக்கம் புது எலும்பு முண்டும் முடிச்சுமாகத் திரண்டிருந்தது. முயல் தின்றுகொண்டும் குதித்துக்கொண்டும் இருக்க, உள்ளே நோய் வீடு கட்டியிருந்தது. எட்டில் ஆறுக்கு அப்படி. தம்பி வீட்டு அலமாரி மேலே பழுப்பு உறைக்குள் இருக்கும் படங்களை அவள் எத்தனையோ முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். அவற்றைச் சிறிதாக்கி எடுத்தது போல இருந்தன இவை.

தலைகால் புரியாமல் நடைபாதைக்கு வந்தாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தம்பியின் போன்.

"அக்கா, ஒரு விஷயம்..."

"டேய், ஜெயிச்சாச்சுடா!"

"என்னது?"

"முயலுடா! ஜெயிச்சாச்சு! எட்டுல ஆறு!"

"நெஜமாவாக்கா?"

"நெஜமாத்தான். நானே என் கண்ணால பாத்தேன்."

"அக்கா..." என்றான். அதற்குள் துறைத்தலைவர் அறைக்குள்ளிருந்து அவளைக் கூப்பிட்டார். "அப்புறம் பேசறேன்டா" என்று வைத்துவிட்டாள். அவன் என்ன விஷயம் சொல்ல வந்தான் என்று கேட்கவில்லை.

சாயங்காலம் தம்பி மனைவி கூப்பிட்டாள்.

"அண்ணி, மருந்து கெடைச்சிடுச்சாமே? வந்ததுலேர்ந்து தரையில கால் பாவல அவருக்கு."

"எங்கேர்ந்து வந்தான்?"

"ஆஸ்பத்திரிலேர்ந்துதான். இன்னிக்கு எலும்பு டாக்டர் முடிவாச் சொல்லிட்டார் அண்ணி. இனி கம்பி மாத்திப் பிரயோஜனமில்ல, காலை முட்டிக்குக் கீழ எடுத்துடலாம்னு. இப்ப எடுத்தா முட்டி மிஞ்சும், செயற்கைக் கால் மாட்டிக்கிட்டு ஆறு மாசத்துல மண்டி போட்டு வேலைக்கே போகலாம்னாரு. சம்மதக் கையெழுத்துக்கு ஃபாரத்தைக் கையில குடுத்துட்டாரு. உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடறேன்னு வெளிய வந்து போன் பண்ணினாரு. நீங்க ஜெயிச்சாச்சுன்னதும் ஃபாரத்தை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு வந்துட்டாரு."

போனிலேயே சொல்லிவிட வாயெடுத்தவள், வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். நேர்ல பேசறேன்" என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை போனாள். வழி நெடுக வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனாள். மருந்து இல்லைடா, நோயைத்தான் உண்டாக்கியிருக்கேன். இனிமேதான் மருந்தெல்லாம் அதுல சோதிக்கணும். பத்து வருஷமும் ஆகலாம், ஒண்ணுமே இல்லாமலும் போகலாம். நீ போய்க் கையெழுத்துப் போடு. இவ்வளவுதான். ஒரு நிமிடத்துப் பேச்சு.

கதவைத் திறந்தவன் தம்பி. முகம் மழித்து, சட்டை மாற்றி, பத்து வயசு குறைந்த மாதிரி நின்றான். பின்னால் அவன் மகள் குதித்துக்கொண்டு வந்தாள்.

"அத்தை, அப்பாவுக்குக் கால் நல்லாயிடுமாம். எனக்கு சைக்கிள் கத்துத் தரப்போறாராம். பின்னாடியே ஓடி வருவாராம்!"

"உள்ள விடுடி அத்தையை, வாசல்லயே மறிச்சுக்கிட்டு" என்றான் தம்பி. உட்காரவைத்தான். அவனே போய்த் தேநீர் கொண்டுவந்தான். "சரி, எத்தனை மாசம் ஆகும்க்கா?"

"அது அவ்வளவு சுலபமில்லடா. நாளாகும்."

"ஆகட்டுமே. ஏழு வருஷம் இருந்தவன் இன்னும் ஒரு வருஷம் இருக்க மாட்டனா?"

"டாக்டர் சொன்னதையும் யோசிச்சுப் பாரு."

"யோசிச்சாச்சு. அந்த ஆளுக்கு வெட்டத்தான் தெரியும். எனக்குத்தான் நீ இருக்கியே."

தேநீரைக் குடித்தாள். திரும்பி வரும்போது, நாளாகும் என்று சொல்லியாயிற்று, டாக்டர் சொன்னதை யோசி என்றும் சொல்லியாயிற்று, இதைவிட எப்படிச் சொல்வது என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். அடுத்த வாரம் தெளிவாகச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தாள்.

அடுத்த வாரம் போய், அதற்கடுத்த வாரமும் போயிற்று. இரண்டாவது தொகுதி முயல்கள், மூன்றாவது தொகுதி. அவள் கட்டுரை வெளிவந்தது. மற்ற ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து முறையைக் கற்றுக்கொண்டு போனார்கள். தம்பியின் போன் வரும்போது முயல்களைப் பற்றிப் பேச்சை நீட்டாமல், குழந்தை படிப்பு, மழை, அது இது என்று வேறு திசைக்குத் திருப்பிவிடுவாள். அவனும் அவளை நெருக்கவில்லை. வேலை மும்முரம் போல என்று மனைவியிடம் சொல்வானாம்.

இப்படியே பத்து மாதம்.

*

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தம்பி மனைவி போனில் அழுதாள். இரண்டு நாளாகக் காய்ச்சலாம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று தடுத்துவிட்டானாம்.

அக்காள் போனபோது அவன் படுக்கையில் இல்லை. சுவரோரம் தரையில், முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது. அவளைப் பார்த்தான். கேலி ஒன்றும் சொல்லவில்லை. கையைத் தொட்டாள், சில்லென்றிருந்தது. அந்த உட்காரும் விதம் அவளுக்குத் தெரியும். பதினோரு முறை பார்த்திருக்கிறாள். இனி கேட்பதற்கோ யோசிப்பதற்கோ நேரமில்லை என்று அவள் கைகளுக்கே தெரிந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். பேண்ட்டைக் கத்தரித்துப் பார்த்தபோது முட்டி பூசணிக்காய் போல வீங்கி மினுமினுத்தது.

எலும்பு டாக்டர் வெளியே வந்து, நின்றபடியே பேசினார்.

"சீழ் மூட்டுக்குள்ள போயிடுச்சு. ரத்தத்துலயும் கலந்திருக்கு. முட்டியைக் காப்பாத்த முடியாது, தொடையில எடுக்கணும். இப்ப உயிரைத்தான் பாக்கணும்." பிறகு, அடக்க முடியாமல் சொன்னார்: "பத்து மாசம் முன்னாடியே சொன்னேன். யாரோ சொந்தக்காரங்க மருந்து கண்டுபிடிச்சிட்டாங்கன்னுட்டுப் போனார். யாருங்க இப்படியெல்லாம் ஆசை காட்டறது?"

"அந்தச் சொந்தக்காரி நான்தான் டாக்டர்" என்றாள் அக்காள்.

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

தம்பி மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவனுடைய செருப்பு ஒரு ஜோடி. எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தாள்.

"அண்ணி, உங்க மருந்தை இப்பவாவது கொண்டுவந்து குடுக்க முடியாதா? பாதி தயாரா இருந்தாலும் பரவால்ல."

"மருந்து இல்லம்மா."

"இன்னும் வரலியா?"

"இல்லவே இல்ல. நான் மருந்து பண்ணல. முயலுக்கு இந்த நோய் வர்ற மாதிரி பண்ணினேன். அவ்வளவுதான்."

"அப்ப அன்னிக்கு ஜெயிச்சாச்சுன்னு சொன்னீங்களே, அது?"

"நோய் வந்துடுச்சு. அதைத்தான் சொன்னேன்."

தம்பி மனைவி கத்தவில்லை, திட்டவில்லை. செருப்பைப் பெஞ்சுக்கு அடியில் வைத்தாள். எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள். அறுவை முடிந்து கதவு திறக்கும்வரை, நான்கு மணி நேரம், இந்தப் பக்கம் திரும்பவில்லை.

*

உயிர் தங்கியது. ஒன்பதாம் நாள், அவன் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்த பிறகு, அக்காள் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மென்று விழுங்காமல் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். போர்வை தொடையோடு தட்டையாகிவிட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தியே. அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லத்தான் வந்தியா?"

"ஆமா."

"அப்புறம்?"

"நீ சந்தோஷமா இருந்தேடா."

குளுக்கோஸ் பாட்டிலோடுகூடக் கேலி பேசுகிறவன், போர்வையின் தட்டையான இடத்தைக் கையால் நீவிவிட்டான்.

"முட்டி இருந்திருக்கும்க்கா" என்றான். அப்புறம், "நீ கெளம்பு" என்றான்.

ஐந்து மாதம் அவன் அவளோடு பேசவில்லை. செய்தி வந்ததெல்லாம் தம்பி மனைவி மூலமாகத்தான். அவளும் அண்ணி என்று கூப்பிடுவதை விடவில்லை, ஆனால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசுவதை விட்டுவிட்டாள். செயற்கைக் கால் வந்தது. மூட்டு உள்ள காலாம், நடக்கிறானாம். மண்டி போட மட்டும் அது ஒத்துவரவில்லை. ஓடு விற்கும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். வருகிறவர்களின் அறை அளவைக் கேட்டு, தாளில் வரைந்து, எத்தனை ஓடு பிடிக்கும், மூலையில் எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்கிற மேஜை வேலை. அவன் கணக்கில் ஒரு ஓடு கூடக் குறையாது என்று கடைக்காரருக்கு அவன்மேல் மதிப்பு. அவன் பழைய உளியையும் சுத்தியையும் யாருக்கோ கொடுத்துவிட்டான்.

அக்காள் ஒரு மாதம் விடுப்பு எடுத்தாள். வீட்டில் இருக்க முடியாமல் பன்னிரண்டாம் நாளே திரும்பி வந்தாள். சோதனைக்கான எட்டு வாரம் முடிந்த முயல்களை மயக்கி உயிரை முடிக்கும் வேலையை அதுவரை உதவியாளர்கள்தான் செய்தார்கள். இப்போது அவளே செய்தாள். ஒவ்வொன்றையும் மடியில் வைத்து, அது அடங்கும்வரை காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டிருப்பாள். கூண்டுக்காரர் ஒரு நாள் அவளுக்கு ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். எடைத் தராசுப் பக்கம் போய்விட்டார்.

அந்த முயல்களில் சோதித்த முதல் மருந்து பலிக்கவில்லை. இரண்டாவது, பாதிக்குப் பாதி.

*

ஆறாம் மாதம் ஒரு பிற்பகல், வரவேற்பறையிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. தம்பி என்று ஒருவர் வந்திருக்கிறாராம். அவள் படியிறங்கி ஓடியபோது அவன் பாதிப் படி ஏறி வந்திருந்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்வை.

"லிஃப்ட் இருக்கேடா!"

"ஏற முடியுதான்னு பாத்தேன்."

அறைக்கு வந்து உட்கார மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்தான். சுவரையும் அலமாரியையும் பார்த்தான். அவளைப் பார்ப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டான்.

"முயலைப் பாக்கணும்."

"வெளியாளை உள்ள விட மாட்டாங்கடா. அதுங்களுக்கு நம்மால ஏதாவது ஒட்டிக்கும்."

"இருக்கிற நோய் பத்தாதா?" என்றான். பழைய கேலியின் சாயல் வந்து, உடனே போய்விட்டது.

அவள் எக்ஸ்ரே படங்களைத் திரையில் போட்டுக் காட்டினாள். கம்பி இது, கறுத்திருப்பது இது, செத்த துண்டு இது. அவன் நாற்காலியை நகர்த்திக் கிட்டே போய்ப் பார்த்தான். விரலால் திரையைத் தொட வந்து, தொடாமல் நிறுத்தினான்.

"எனக்கு இருந்த மாதிரியே இருக்கு."

"ஆமா."

"இதுங்களுக்கு வலிக்குமாக்கா?"

"வலிக்கு மருந்து கொடுக்கறோம்." நிறுத்தினாள். இந்த முறை பாதியில் விட மனம் வரவில்லை. "கொடுத்தாலும் கொஞ்சம் வலிக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"எட்டு வாரம்."

அவன் தலையாட்டினான். ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னுக்கு எடுக்கிற சத்தம் கேட்டது.

"உன்னை மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரலக்கா. அது இன்னும் வரல எனக்கு. மண்டி போட்டு வேலை செய்யறவனைப் பாத்தா இன்னும் வயிறு எரியுது. ஆனா உன்கூடப் பேசாம இருக்கவும் முடியல. அதுக்கு என்ன பண்றது, சொல்லு."

அவள் அழுதாள். அவன் அவளைத் தேற்றவில்லை, எழுந்து போகவும் இல்லை. அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்து மணிக்கு லிஃப்டில் இறங்கினார்கள். வாசலில் வாடகைக் கார் நின்றது. முதலில் உடம்பைச் சாய்த்து இருக்கையில் உட்கார்ந்து, பிறகு செயற்கைக் காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தான். அவள் உதவக் குனிந்தாள். "வேணாம், பழகிட்டேன்" என்றான். கதவைச் சாத்தும் முன், "ஞாயித்துக்கிழமை வா. குழந்தை உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கா" என்றான்.

கார் திரும்பி மறையும்வரை நின்றாள். பிறகு விலங்குக் கூடத்துக்குப் போனாள். அன்றைக்கு எட்டாவது வாரம் முடிந்த முயல்கள் நான்கு இருந்தன.